வால் மாறிய புகார்கள்

பெண்டிங்குக்கு அம்மா அப்பா வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் பொது வசதிகள் துறையின் இரண்டாம் மாடிக்குப் போய் அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டால் ஒரு ஆள் கூட வழி காட்ட மாட்டார். "பெண்டிங் எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள், வாசல் காவலாளி முதல் தட்டச்சுப் பெண் வரை எல்லாரும் ஒரே பக்கம் மோவாயை நீட்டுவார்கள். மாடிப்படியை ஒட்டிய அறை. உள்ளே நுழைந்தால் முதலில் இரும்பு அலமாரி, அலமாரிக்குப் பின்னால் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர், அதற்கும் பின்னால் வழுக்கை விழ ஆரம்பித்த ஒரு தலை. அதுதான் பெண்டிங். புகார்ப் பிரிவு என்று போட்ட பலகையைப் போன மழையில் கழற்றினார்கள், இன்னும் மாட்டவில்லை.

இந்தப் பட்டப்பேர் அவர் சோம்பேறி என்பதால் வந்தது என்று நினைத்தால் உங்களுக்குத்தான் பாவம் வந்து சேரும். அவ்வளவு சுறுசுறுப்பான மனுஷன். தெருவிளக்கு எரியவில்லை, குழாய் ஒழுகுகிறது, சாக்கடை மூடியைக் காணோம் என்று ஜனங்கள் துறையின் இணையதளத்தில் எழுதினால், அது நேராக அவர் திரைக்கு வரும். வந்த அன்றே ஆள் அனுப்புவார். மறுநாள் போன் போட்டு "வந்தாங்களா? பாத்தாங்களா?" என்று கேட்பார். அப்படிப்பட்டவர் தலையில் முப்பத்தேழு புகார்கள் மட்டும் மாதக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருந்தன. தீர்த்துவிட மாட்டாரா? தீர்க்க முடியாது ஐயா. அந்த முப்பத்தேழு தெருவும் இந்த நாட்டிலேயே இல்லை.

முதல் புகார் வந்தபோது அவருக்கு அது தெரியாது. 'பதினேழாம் குறுக்குத் தெருவில் சாக்கடை மூடி இல்லை' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆய்வாளர் மூன்று நாள் வண்டியில் சுற்றிவிட்டு, மூஞ்சி கறுத்துப் போய் வந்தார். "சார், நம்ம ஊர்ல குறுக்குத் தெரு மொத்தமே ஒம்போதுதான். மிச்ச எட்டையும் நான் எங்க போய் வெட்டுறது?" என்று கேட்டார். புகார்காரருக்குப் போன் போட்டு விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் இருந்தது கடலுக்கு அந்தப் பக்கம், வேறொரு நாட்டில்.

அங்கேயும் நம் மொழி பேசுகிறவர்கள் ஏராளம். அங்கேயும் இதே பேரில் ஒரு துறை. இரண்டு துறையின் இணைய முகவரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதலிலிருந்து கடைசிப் புள்ளி வரை அச்சு அசல் ஒன்று. அந்தப் புள்ளிக்குப் பின்னால் நாட்டைக் காட்டும் இரண்டே இரண்டு எழுத்து வருகிறதே, அதுதான் வேறு. அலுவலகத்தில் அதற்கு வால் என்று பேர். அந்தப் பக்கத்து ஜனங்கள் அவசரத்தில் வாலை மாற்றி அடித்துவிட்டால் புகார் கடல் தாண்டிப் பெண்டிங் மடியில் வந்து விழும். 'எங்கள் பூங்காவில் ஊஞ்சலுக்கு ஒரு பக்கச் சங்கிலிதான் இருக்கிறது' என்று ஒரு பெண்மணி எழுதினார். 'பக்கத்து வீட்டு மரம் இலையை எங்கள் பக்கமும் பழத்தை அவர்கள் பக்கமும் போடுகிறது, அரசு தலையிட வேண்டும்' என்று ஒருவர் எழுதினார். அந்த மரத்தின் படம் கூட இணைத்திருந்தார். நல்ல பழம்தான்.

"அழிச்சுட்டுப் போக வேண்டியதுதானே?" என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லாரும் கேட்டார்கள். அங்கேதான் இந்தத் துறையின் தனி அழகு. முன்பு ஒரு புண்ணியவான் இதே நாற்காலியில் இருந்தார். காலையில் வந்த புகாரையெல்லாம் மத்தியானத்துக்குள் 'தீர்ந்தது' என்று அவரே அமுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவார். அது வெளியே தெரிந்து நாறிப்போன பிறகு மேலிடத்தில் விதியை மாற்றினார்கள். புகாரை அதிகாரி மூட முடியாது, அழிக்கவும் முடியாது. புகார் கொடுத்தவருக்கு ஒரு செய்தி போகும், அதில் 'திருப்தி', 'திருப்தி இல்லை' என்று இரண்டு பொத்தான் இருக்கும். அவர் 'திருப்தி'யை அமுக்கினால்தான் புகார் மூடும். யோக்கியமான விதி, குறை சொல்ல முடியாது. வேறு நாட்டுக்காரன் புகார் கொடுப்பான் என்று விதி போட்டவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். இந்தப் புகார்களை என்ன செய்வது என்று கேட்டுப் பெண்டிங் தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அவர்கள் அந்தக் கடிதத்தையே ஒரு புகாராகப் பதிந்து அவருக்கே திருப்பி அனுப்பினார்கள். நல்லவேளை, அதில் புகார்காரர் அவரே என்பதால், 'திருப்தி'யை அமுக்கி ஒருவழியாக அதை மூடினார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகத்தான் இருந்தது, இடமாற்ற அறிவிப்பு வருகிற வரைக்கும்.

பெண்டிங்கின் மனைவி பள்ளிக்கூட டீச்சர். அவருக்கு வேலை கிடைத்த ஊர் இங்கிருந்து ஒன்பது மணி நேரப் பஸ் பயணம். மூன்று வருஷம் நான்கு மாதமாக அவர் அங்கே, இவர் இங்கே. குழந்தை பிறந்ததும் அங்கேதான், நடந்ததும் அங்கேதான். நடந்ததை இவர் போனில் பார்த்தார், அதுவும் படம் பாதியில் நின்றுவிட்டது. மாதம் இரண்டு முறை பஸ் பிடித்துப் போவார். போய் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூன்று வயது மகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டு கேட்கிற முதல் கேள்வி, "அப்பா, எப்ப போவீங்க?" என்பதுதான். வெறுப்பில் கேட்கவில்லை, பாவம். யாராவது வந்தால் இதைத்தான் கேட்க வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஊர்க் கிளையில் ஒரு இடம் காலியாயிற்று. ஒரே இடம். விண்ணப்பித்தவர்களில் பெண்டிங்குக்குத்தான் முன்னுரிமை வந்தது. ஒரே ஒரு நிபந்தனை. அந்த மாதம் முப்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்குள், 'இவர் பேரில் நிலுவை ஏதும் இல்லை' என்று கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். தவறினால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அடுத்தது எப்போது காலியாகும் என்று கேட்டார். அங்கே இருப்பவர்களில் மூத்தவர் ஓய்வு பெற இன்னும் பதினோரு வருஷம் இருக்கிறது என்றார்கள்.

கண்காணிப்பாளர் ஒரு மேடம். நேர்மையில் நெருப்பு. பிரம்பு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, எந்தக் காகிதத்தையும் மூன்று முறை படித்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார். பெண்டிங் போய்க் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"மேடம், அந்த முப்பத்தேழும் நம்ம நாட்டுதே இல்ல மேடம்."

"திரையில யார் பேர்ல நிக்குது?"

"என் பேர்லதான்."

"அப்ப உங்களுதுதான். நான் திரையில பூஜ்யம் பாக்கணும். பாத்தா கையெழுத்து. எனக்கும் வீட்டுக்காரர் ஏழு வருஷம் வேற ஊர்லதான் இருந்தாரு, எனக்குத் தெரியாததா? ஆனா பொய்யா போட மாட்டேன்."

இருந்தது பத்தொன்பது நாள். பெண்டிங் அன்றைக்கே போனை எடுத்தார். ஒவ்வொரு புகார்காரராகக் கூப்பிட்டு, "ஐயா வணக்கம், நீங்க புகாரைக் கடலுக்கு இந்தப் பக்கம் போட்டுட்டீங்க. உங்க ஊர்த் துறையோட முகவரியைச் சொல்றேன், எழுதிக்குங்க" என்று முகவரியை எழுத்து எழுத்தாக வால் வரைக்கும் சொல்லி, "அங்க போட்டுட்டு, இங்க மட்டும் தயவுசெஞ்சு திருப்தியை அமுக்கிடுங்க" என்று கெஞ்சினார். சிலர் ஏமாற்றுக்காரன் என்று திட்டிவிட்டு வைத்தார்கள், இவர் மறுபடி கூப்பிட்டார். மரத்துக்காரர் ஒரு மணி நேரம் பக்கத்து வீட்டாரின் குணத்தைப் பற்றிச் சொன்னார். பெண்டிங் முழுவதையும் கேட்டு, "அநியாயம்ங்க" என்று ஏழெட்டு முறை சொன்ன பிறகுதான் மரத்துக்காரர் அமுக்கினார். இதுவரை ஒரு அரசாங்க ஆள் தன்னிடம் இவ்வளவு நேரம் பேசியதில்லை என்று நன்றி வேறு சொன்னார்.

நடுவில் ஒரு சனி ஞாயிறு ஊருக்குப் போனார். அங்கேயும் இதே வேலை. சமையலறையில் ஒரு மூலையில் நின்று, ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, முகவரியை எழுத்து எழுத்தாக ஒப்பித்தார். இரண்டு நாளில் முப்பது முறையாவது சொல்லியிருப்பார். ஞாயிறு சாயங்காலம் பார்த்தால் மகள் முக்காலியில் ஏறி நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து வால் வரைக்கும் ராகம் போட்டுப் பாடுகிறாள். டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"மத்த பிள்ளைங்க எல்லாம் நிலா பாட்டு பாடுது. நம்ம பிள்ளை அரசாங்க முகவரி பாடுது."

"சாதாரணமா? எவ்வளவு கஷ்டமான பாட்டு!" என்று பெண்டிங்கும் பெருமைப்பட்டார். அவள் பாடுவது வேறு நாட்டு வால் என்பது இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

பன்னிரண்டு நாளில் முப்பத்தாறு புகார் மூடியது. மிச்சம் ஒன்றே ஒன்று. அது ஒரு பேக்கரிக்காரி கொடுத்தது. விடிவதற்கு முன்னால் மாவு பிசையப் போக வேண்டிய பெண். அவர் சந்தில் விளக்கு எரியவில்லை. சந்து முனையில் ஒரு நாய். இருட்டில் நாய் எங்கே படுத்திருக்கிறது என்று தெரியாமல் இரண்டு முறை அதன் மேலேயே கால் வைத்துவிட்டார். இரண்டு முறையும் ஊசி போட்டுக்கொண்டார். பெண்டிங் வழக்கமான பாட்டைப் பாடி முடித்ததும் அவர் கேட்டார்:

"சரி, விளக்கு எரியுதா?"

"இல்லம்மா, அது உங்க ஊர் ஆபீஸ்ல..."

"எரியல. அப்புறம் என்னத்துக்குத் திருப்தின்னு அமுக்கணும்?"

"இது முகவரி மாறி வந்துடுச்சும்மா. நீங்க சரியான எடத்துல மறுபடி எழுதிப் போட்டீங்கன்னா..."

"மறுபடியா? அண்ணே, நான் ஒரு விரல்ல டைப் அடிக்கிறவ. அந்த நாலு வரிக்கு மூணு நாள் உக்காந்தேன். நீங்க எந்த நாடா இருந்தா எனக்கென்ன? அரசாங்கம்தானே? விளக்கை எரிய வைங்க, அமுக்குறேன்."

வைத்துவிட்டார். பெண்டிங் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் வரவில்லை அவருக்கு. அந்தம்மா சொன்னதில் ஒரு சொல் கூடத் தப்பில்லையே, கோபம் எப்படி வரும்?

ஆக, இந்த மனுஷன் வாழ்நாளில் காலே வைக்காத ஒரு நாட்டில், ஒரு சந்தில், ஒரு விளக்கை எரிய வைத்தாக வேண்டும். முதலில் அவரே அந்த நாட்டுத் தளத்தில் அந்தம்மா பேரில் புகாரைப் பதிந்தார். பிறகு அங்கத்துப் புகார்ப் பிரிவுக்குப் போன் போட்டார். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது' என்று ஒரு பெண் குரல் நாற்பது நிமிஷம் சொன்னது. பிறகு ஒரு பெருந்தும்மல் கேட்டது. அதற்குப் பின்னால் ஒரு ஆள் பேசினார். கோப்பைத் திறந்தால் தூசியில் தும்முவார், மூடினால் தும்முவார், நடுவில் கிடைத்த இடத்தில் பேசுவார். கடைசிவரை பெண்டிங் அவர் பேரைக் கேட்கவே இல்லை. தும்மல்காரர் என்றே மனதில் பதிந்துவிட்டது.

"சார், நீங்க வேற நாட்டு அதிகாரி. எங்க நாட்டு விளக்கு எரியலன்னு நீங்க ஏன் கவலைப்படுறீங்க?" என்று தும்மல்காரர் சந்தேகமாகக் கேட்டார்.

பெண்டிங் ஒளிவு மறைவில்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். முப்பத்தேழு, முப்பதாம் தேதி, மேடம், டீச்சர், பஸ், 'எப்ப போவீங்க' வரைக்கும்.

"நாளைக்கே ஆள் அனுப்புறேன் சார்" என்றார் தும்மல்காரர்.

நாளைக்கு என்றால் அரசாங்க நாளைக்கு. முதல் நாள் ஏணி வண்டி பழுது. இரண்டாம் நாள் வண்டி சரி, ஓட்டுநர் லீவு. மூன்றாம் நாள் ஓட்டுநர் வந்தார், பல்பு இருந்த அறையின் சாவி வரவில்லை. பெண்டிங் தினமும் காலையில் கூப்பிட்டார். ஒரு கட்டத்தில் தும்மல்காரரே வெட்கப்பட்டு, தானே சந்துக்குப் போய் நின்று, பக்கத்தில் இருந்து பல்பு மாட்ட வைத்தார். அது இருபத்தெட்டாம் தேதி. அன்றிரவே பெண்டிங் ஆனந்தமாகப் பேக்கரிக்காரிக்குப் போன் போட்டார்.

"எரியுதாம்மா?"

"எரியுது."

"அப்பாடா! அமுக்கிடுறீங்களா?"

"பகல்ல எரியுது அண்ணே. இருட்டினா அணைஞ்சுடுது. நாய் பகல்ல எனக்கே நல்லாத் தெரியும், அதுக்கு எதுக்கு விளக்கு?"

அட கடவுளே! நேரம் வைக்கிற கருவியைத் தலைகீழாக மாட்டிவிட்டார்கள். பெண்டிங் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி தும்மல்காரர், மறுபடி ஏணி வண்டி, மறுபடி சாவி.

இருபத்தொன்பதாம் தேதி சாயங்காலம் டீச்சர் கூப்பிட்டார். ஏற்கனவே அவருக்குப் பொறுமை நூலாகத்தான் இருந்தது. இந்த வாரமும் வர முடியாது என்று பெண்டிங் சொன்னதும் அந்த நூலும் அறுந்தது.

"ஏங்க, யாரோ ஒரு பொம்பளைக்கு விளக்கு எரியலன்னு ஒரு வாரமா அலையுறீங்க. சந்தோஷம். இங்க வீட்டுல மூணு வருஷமா என்ன எரியுதுன்னு எப்பவாவது கேட்டீங்களா?"

"அதுக்காகத்தானே இவ்வளவும் பண்றேன்..."

"எல்லாத்துக்கும் இதையே சொல்லுங்க. நானும் புகார் எழுதிக் குடுத்தாத்தான் கவனிப்பீங்க போலிருக்கு."

பெண்டிங் நிலைமையைக் கொஞ்சம் இலகுவாக்கலாம் என்று நினைத்தார். நினைத்தது தப்பு. "குடு டீச்சரம்மா, முப்பது நாளுக்குள்ள நடவடிக்கை எடுக்குறோம்" என்று சொல்லிவிட்டார். டக்கென்று போன் அணைந்தது.

முப்பதாம் தேதி விடிந்தது. ஏழு மணிக்குப் பேக்கரிக்காரியிடமிருந்து, வேலைக்குப் போகும் வழியில் விடியுமுன் எடுத்த ஒரு படம் வந்தது. இருட்டுச் சந்து, நடுவில் மஞ்சள் வெளிச்சம், வெளிச்சத்தில் கால் நீட்டித் தூங்குகிற ஒரு நாய். கீழே 'எரியுது' என்று ஒரே சொல். பெண்டிங்குக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உடனே கூப்பிட்டார்.

"கையெல்லாம் மாவா இருக்கு அண்ணே. வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போய் அமுக்குறேன்" என்றார் அந்தம்மா. சரி, இத்தனை நாள் பொறுத்தாயிற்று, இன்னும் சில மணி நேரம்தானே என்று பெண்டிங் தேநீர் வரவழைத்துக் குடித்தார். அன்றைக்கு அவர் நிம்மதியாகக் குடித்த தேநீர் அது ஒன்றுதான்.

பதினொரு மணிக்கு டீச்சரிடமிருந்து செய்தி வந்தது. 'புகார் கொடுத்துவிட்டேன். உங்கள் சைட்டிலேயே. இனிமேல் உங்கள் இஷ்டம்.'

யோசித்துப் பாருங்கள். இந்தப் புகார் திரையில் ஏறினால் நிலுவை ஒன்று. ஒன்று நின்றால் மேடம் கையெழுத்துப் போட மாட்டார். புகார் மூட வேண்டுமானால் டீச்சர் 'திருப்தி'யை அமுக்க வேண்டும். புருஷன் வீடு வந்து சேராமல் டீச்சர் அமுக்குவாரா? கையெழுத்து இல்லாமல் புருஷன் வீடு வந்து சேர முடியுமா? விட்டத்தைப் பார்த்து யோசித்தார், வழி தெரியவில்லை. டீச்சருக்குப் போன் போட்டார். அணைத்திருந்தது. பள்ளிக்கூடத்தில் பதினொரு மணி இடைவேளை முடிந்தால் நாலரை மணி வரை போன் தொடக்கூடாது. பேக்கரிக்காரிக்குப் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேலை முடிந்து வீட்டுக்குப் போனவர் அமுக்க மறந்து படுத்துவிட்டார், பாவம், விடியாமல் எழுந்தவர். ஒரு பெண் வகுப்பில், ஒரு பெண் தூக்கத்தில். நடுவில் இந்த மனுஷன் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் முழி பிதுங்க உட்கார்ந்திருந்தார்.

இணையத்தில் போடுகிற புகார் அன்று மாலைக்குள் எப்போது வேண்டுமானாலும் ஏறும். பன்னிரண்டுக்கு ஏறவில்லை. இரண்டுக்கு ஏறவில்லை. மூன்றரைக்கு ஏதோ ஒன்று ஏறியது, அவருக்கு உயிரே போய்விட்டது. பார்த்தால் உள்ளூர்க் குழாய் ஒழுகல். அதற்கு ஆள் அனுப்பிய வேகம் இருக்கிறதே, புகார் கொடுத்த வீட்டம்மாவே பயந்துபோய், தண்ணீர் நின்றதும் நிற்காததுமாக 'திருப்தி'யை அமுக்கினார்.

நாலு மணி முப்பத்தெட்டுக்குப் பேக்கரிக்காரி எடுத்தார். "என்னண்ணே, இருபத்திரண்டு மிஸ்டு கால்! யாராவது செத்துட்டாங்களா?" என்றவர், விஷயம் தெரிந்ததும், "அட மறந்தே போச்சு" என்று அமுக்கினார். திரையில் ஒன்று என்பது பூஜ்யமாயிற்று. அந்தப் பட்டப்பேர் வந்த பிறகு முதல் முறையாகப் பெண்டிங் பேரில் ஒன்றும் பெண்டிங் இல்லை.

ஓடினார். மேடம் வந்து திரை முன் உட்கார்ந்தார். பக்கத்தைப் புதுப்பித்தார், பூஜ்யம். மறுபடி புதுப்பித்தார், பூஜ்யம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது முறை புதுப்பித்தார். அந்த அரை நிமிஷம் திரை வெள்ளையாகச் சுற்றிக்கொண்டிருந்தபோது பெண்டிங் கும்பிடாத சாமி இல்லை. பூஜ்யம்தான்.

அந்த நேரம் பார்த்து அவருடைய மனசாட்சி வாயைத் திறந்தது. "மேடம், ஒரு விஷயம் சொல்லணும். என் வீட்டுக்காரம்மா..."

"வாயை மூடுங்க" என்றார் மேடம். "பேனாவைத் தொறந்துட்டேன். நான் பாத்தது பூஜ்யம். வீட்டுக்காரம்மா கிட்டப் போய் வீட்டுல பேசுங்க."

கையெழுத்து விழுந்தபோது நாலு ஐம்பத்திரண்டு.

தன் மேசைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் பெண்டிங்குக்கு யோசனை வந்தது. அப்படியானால் டீச்சர் புகாரே கொடுக்கவில்லை. சும்மா மிரட்டியிருக்கிறார். சிரிப்பு வந்தது, கூடவே ஏனோ கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. அப்போது போன் அடித்தது. எடுத்ததும் முதலில் தும்மல்.

"சார், விளக்கு விஷயம் முடிஞ்சுதா? சந்தோஷம். இப்ப என்னோட பக்கத்துல ஒரு சிக்கல். உங்க நாட்டுப் புகார் ஒண்ணு வால் மாறி எங்ககிட்ட வந்து நிக்குது. எந்தத் துறைக்கு அனுப்புறதுன்னே புரியல. படிக்கட்டுமா?"

"படிங்க சார்."

"பழுதான பொருள்: கணவர். எவ்வளவு நாளாக: மூன்று வருடம் நான்கு மாதம். விவரம்: மாதம் இரண்டு முறை மட்டும் வருகிறார். வந்ததும் குழந்தை எப்போது போவீர்கள் என்று கேட்கிறாள். அந்தக் கேள்வியை என்னால் இனிமேல் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. தயவுசெய்து ஆவன செய்யவும்." தும்மல்காரர் மூக்கை உறிஞ்சினார். இந்த முறை அது தூசியால் இல்லை என்று தோன்றியது. "இது எந்தத் துறை சார்?"

பெண்டிங் எழுந்து அலமாரியின் கதவைப் பிடித்துக்கொண்டார். முக்காலியில் நின்று மகள் பாடிய பாட்டு, அவர் வாயிலிருந்து முப்பது முறை கேட்டுக் கற்றுக்கொண்ட அந்த வால், இப்போதுதான் அவருக்கு உறைத்தது. அதைக் கேட்டுத்தான் டீச்சர் முகவரியை அடித்திருக்கிறார்.

"எங்க பிரிவுதான் சார்" என்றார் கடைசியில். "என்னோட வேலைதான். நேர்லயே போய்ப் பாக்குறேன். காலைல ஆறு மணி பஸ்."

"பாத்துட்டுத் திரும்பி வந்ததும் ஒரு வரி எழுதுங்க, பதிஞ்சுக்குறேன்."

"திரும்பி வர மாட்டேன் சார்" என்றார் பெண்டிங். சொல்லும்போதே அழுதுவிட்டார். எதற்கு மறைக்க வேண்டும், நன்றாகவே அழுதார்.

மறுநாள் பஸ் பாதி வழி போயிருக்கும்போது மேடம் கூப்பிட்டார். பேக்கரிக்காரி, இந்த முகவரியில் போட்டால் வேலை நடக்கிறது என்று சந்து முழுக்கச் சொல்லிவிட்டாராம். காலையிலிருந்து நாற்பத்தொரு புகார். "அங்க யார்கிட்ட பேசணும்?" என்று மேடம் கேட்டார். பெண்டிங் தும்மல்காரரின் எண்ணைக் கொடுத்தார். காதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளச் சொன்னார்.

வீட்டு வாசலில் இரண்டு பெட்டியையும் ஒரு மடக்குக் கட்டிலையும் இறக்கி வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார். மகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா, எப்ப போவீங்க?"

"போகல கண்ணு."

குழந்தை முழித்தாள். இதற்கு அடுத்து என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. இதுவரை அதற்கு அவசியம் வந்ததில்லை. கட்டிலைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், பிறகு அந்தப் பெட்டி மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

கதவருகில் டீச்சர் நின்றிருந்தார். கையில் போன். திரையில் கடல் தாண்டி வந்த செய்தி, அதன் கீழே இரண்டு பொத்தான்.

"திருப்தியான்னு கேக்குது" என்றார்.

"அமுக்கிடேன். அவரு நல்ல மனுஷன், அவர் பேர்ல எதுக்கு நிலுவை?"

டீச்சர் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு போனை இடுப்பில் செருகினார்.

"முப்பது நாள் டைம் இருக்குல்ல? அந்த விளக்கும் மொத நாள் எரிஞ்சுதாமே, பகல்ல. ராத்திரியும் எரியுதான்னு பாத்துட்டு அமுக்குறேன். உள்ள வாங்க."